எழுபது வளைவும் ஒரு வாளியும்

என்னைப் பெண் பார்க்க வந்த ஏழாவது மாப்பிள்ளையை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் எங்கள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டிருந்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

இதைச் சிரிப்பாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறேன். பாதிக்கு மேல் வாய் ஒத்துழைப்பதில்லை. அலுத்துப்போச்சு, வேறென்ன சொல்ல.

எனக்கு முப்பத்தைந்து வயசு. மலைமேல் வாசலூர்பட்டியில், படகு விடுகிற ஏரிக்குப் போகிற ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துத் தைத்தே என் கல்யாண வயசு போய்விட்டது என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்வாள். நானா போகச் சொன்னேன்? வந்தவர்கள் அப்படி. ஒருத்தர் கடையை மூடிவிட்டு வருவாயா என்று கேட்டார். இன்னொருத்தர் என்னைவிட என் தம்பியின் பைக்கை அதிக நேரம் பார்த்தார். ஒரு குடும்பம் பஜ்ஜி சாப்பிட்டு, ஏரியில் படகு ஏறி, ஆளுக்கொரு அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு போனது. இன்றுவரை பதில் இல்லை. சுற்றுலா வந்தவர்களுக்கு எதற்கு நான் பட்டுச்சேலை கட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தச் சேலையைக் கட்டிவிட்டவள் என் தோழி. எங்கள் மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் ஆறு மாசம் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். வீட்டில் காது கேட்காத மாமியார் மட்டும். குழந்தை இல்லை, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசுவோம். சாயங்காலமானால், "பட்டன் கட்டித் தாரேன்" என்று கடைக்கு வந்து உட்காருவாள். இத்தனை வருஷத்தில் ஒரு பட்டன் உருப்படியாகக் கட்டியதில்லை. வாய் மட்டும் ஓயாது.

மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் பஸ் ஆகாது. நாலு வளைவு தாண்டுவதற்குள் ஆள் காலி. ஒரு தடவை சித்தி மகள் கல்யாணத்துக்குக் கீழே போகும்போது, முன் சீட்டில் இருந்தவரின் சட்டைக் காலருக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்த மனுஷன் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பது மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பந்தியில் அவருக்கு எதிரே இவளுக்கு இலை. அன்றோடு சரி. பதினோரு வருஷமாக அவள் மலையை விட்டு இறங்கவில்லை.

ஏழாவது வரன் ராசிபுரம் பக்கம். எங்கள் ஆட்கள்தான், ரெண்டு தலைமுறைக்கு முன்னால் கீழே இறங்கிப் போனவர்கள். இறங்கினவர்களுக்கு மலை மறந்துவிட்டது. வருகிற அன்று காலையில் நான் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தோழி எடுத்துப் பேசினாள். யார் என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"அவங்கதான். வழி கேட்டாங்க, சொல்லீட்டேன்."

பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு பெரியம்மா. இறங்கியது என்ன, அப்படியே சரிந்து அம்மா மேல் விழுந்தார். பின்னாலேயே பத்துப் பேர், ஒருத்தர் முகத்திலும் ரத்தமில்லை. தரகர் மாமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி பாயை விரித்தான். பாயெல்லாம் போதாமல் மிளகு காயப்போட்டிருந்த தார்ப்பாயைக் காலி பண்ணி அதிலும் நாலு பேரைப் படுக்க வைத்தோம். அந்த நேரம் பார்த்து அம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்தாள். எண்ணெய் வாசம் பட்டதும் ரெண்டாவது சுற்று ஆரம்பமாகிவிட்டது.

"ஏனுங்க, முள்ளுக்குறிச்சி ரோட்டுல வந்திருக்கலாமுங்களே, வளைவு கம்மியாச்சே. எதுக்குங்க காரவள்ளி ரோட்டுல எழுவது வளைவு ஏறி வந்தீங்க?" என்று அப்பா மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டார். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பதில் இல்லை.

நான்தான் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியோடு ஓடினேன். மாப்பிள்ளை வாந்தி எடுத்து முடித்ததும் நிமிர்ந்து, வாளியையும் என் சேலையையும் பார்த்தார். அப்போதுதான் நான் யாரென்று அவருக்குப் புரிந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று வாளியை என் கையிலிருந்து வாங்கினார். குழாய் எங்கே என்று கேட்டார். வேண்டாங்க என்று நான் சொல்லச் சொல்ல, குனிந்து அவரே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க காலைல இருந்து ஏதாச்சும் சாப்புட்டீங்களா?"

ஆறு தடவை பட்டுச்சேலை கட்டி நின்றிருக்கிறேன். சமைப்பியா, பாடுவியா, எவ்வளவு சம்பாதிக்கிறே என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. "இல்லீங்க" என்றேன்.

"எனக்காவது வயித்துல இருந்து வெளிய வந்துச்சு. நீங்க பாவம், வெறும் வயித்தோட எல்லாருக்கும் வாளி புடிக்கறீங்க."

சிரித்துவிட்டேன். பெண் பார்க்கும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு. திரும்பினால் நிலைப்படியில் என் தோழி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் மிளகு ரசம் குடித்துக் கொஞ்சம் தெளிந்து, ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு முள்ளுக்குறிச்சி ரோட்டில் இறங்கிப் போனார்கள். அன்று சாயங்காலம் கடையில் தோழியிடம் சொன்னேன். "புள்ள, இந்தத் தடவை சரின்னு சொல்லப்போறேன். எனக்கு அவரப் புடிச்சிருக்குது." சொல்லும்போது வெட்கமாகக்கூட இருந்தது. முப்பத்தைந்து வயசில் என்ன வெட்கம்! அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள், கோத்து முடிக்கவே இல்லை.

நாலாம் நாள் தரகர் போன் பண்ணினார். பையனுக்குச் சம்மதம்தானாம். அவருடைய அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லது கெட்டதுக்கு இத்தனை வளைவு ஏறி இறங்க அவர்களால் ஆகாதாம். அப்பா போனை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் காட்டுக்குப் போனார். நான் கடைக்குப் போய், தைத்த ரவிக்கையையே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன்.

தோழி வந்தாள். உட்காரவில்லை.

"நான்தான் புள்ள" என்றாள்.

"என்ன நீதான்?"

"காரவள்ளி வழியா வாங்கன்னு நான்தான் சொன்னேன். காலைல வயிறு நெறைய சாப்புட்டுட்டு வாங்கன்னும் சொன்னேன்."

ஆடிப்போய்விட்டேன். வளைவு ஏறும்போது வயிறு நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்று இந்த மலையில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாதா?

"ஏண்டி? உனக்கு நான் என்னடி பண்ணுனேன்?"

"நீ போயிட்டா நான் யாருகிட்டப் பேசறது? மாமியாளுக்குக் காது கேக்காது. அவரு போன் பண்ணுனா சாப்புட்டேன், தூங்குனேன்னு வெச்சிருவாரு. செவுத்துகிட்டயா பேசச் சொல்றே?" அவளுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "வந்த ஆறு பேருல ஒருத்தரையும் உனக்குப் புடிக்கல. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். நீ சிரிச்சதப் பாத்தப்பத்தான் இவரு அப்படியில்லைன்னு தெரிஞ்சுச்சு."

"அதுக்கு என் வாழ்க்கைல மண்ணள்ளிப் போடுவியா?" கத்திவிட்டேன். ரோட்டில் அன்னாசி விற்கிற அக்கா எட்டிப் பார்த்தாள். "எந்திரிச்சுப் போயிரு. இனி இந்தக் கடைப் படி ஏறாதே."

உட்காரவே செய்யாதவளைப் பார்த்து எந்திரிச்சுப் போ என்றேன். அந்தக் கோபத்தில் அதெல்லாம் தெரியவில்லை. அவள் போய்விட்டாள். எட்டு நாள் நாங்கள் பேசவில்லை. அவள் வாய் இல்லாமல் கடை எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று அந்த எட்டு நாளில் தெரிந்துகொண்டேன். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அன்னாசிக்கார அக்கா வந்து, "உன் கூட்டாளி ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு மொதல் பஸ்ஸுல ஏறிப் போறா. யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?" என்று கேட்டாள். ராசிபுரம் பக்கம்தான் போகிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மிஷினில் நான் ஒரு தையல் போடவில்லை. மத்தியானம் அம்மா கொடுத்தனுப்பிய சோறு அப்படியே இருந்தது. என்ன சொல்லுவார்கள், அந்தம்மா மனசு மாறுமா என்று ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். ஆசை விடவில்லை, வெட்கங்கெட்ட ஆசை.

சாயங்கால பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். தலை கலைந்து, சேலையெல்லாம் கசங்கி, பார்க்கவே சகிக்கவில்லை. படியேறாமல் வெளியிலேயே நின்றாள்.

"சொல்லீட்டேன். தப்பு எம்மேலதானுங்க, வேணும்னே வளைவு அதிகமான ரோட்டச் சொன்னது நான்தானுங்க, அந்தப் புள்ள ரொம்ப நல்ல புள்ளைங்கன்னு அந்தம்மாகிட்டச் சொன்னேன். அதுக்கு முன்னாடி அவங்கூட்டு வாசல்லயே வாந்தி எடுத்துட்டேன். அவருதான் வாளி கொண்டாந்தாரு."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

அவள் கீழே பார்த்தாள். "நேத்து வேற எடத்துல பூ வெச்சுட்டாங்களாம்."

ஒரே ஒரு நாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது, கை நிஜமாகவே எழுந்தது. அதற்குள் அவள் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்தாள். துணி நனைக்க வைத்திருக்கிற வாளியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். வேறென்ன செய்வது? எடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் வெறும் தண்ணீராக வந்தது.

முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீ காலைல இருந்து ஏதாச்சும் சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. "இத யாருடி கேக்கச் சொன்னா?" என்றேன்.

"அவருதான். பஸ் ஏத்திவிடறப்பச் சொன்னாரு. மறக்காமக் கேளுங்கன்னாரு."

"இல்லை" என்றேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல், அதைப் பிடித்துக்கொண்டே ரோட்டில் நின்று அழுதேன்.