ஒரு கதவு, இரண்டு அடுப்பு

இராணுவத்துக்குச் சாமான் வாங்கும் பிரிவில் சுலக்ஷனா கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றால், அந்த மூட்டையை அதற்குப் பிறகு யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலிச் சனத்தின் வரிசை வீட்டில், பிறந்தவள். ஹட்டனில் துணிக்கடையில் நின்று சிங்களம் பழகி, பரீட்சை எழுதி, கொழும்பில் அந்தப் பிரிவுக்கு முதலில் தட்டச்சு செய்யத்தான் போனாள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று இங்கேயும் கேட்டார்கள், அங்கேயும் கேட்டார்கள். வேலைக்கு எடுக்குமுன் அவளைப் பற்றி விசாரணை என்று பொலிஸ்காரர்கள் லயத்துக்கு வந்து போன அன்று அவள் அம்மா மீனம்மா உலை வைக்கவில்லை.

சுலக்ஷனா எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைக் கற்றாள். விலைமனு கோருவது, மாதிரிப் பருப்பை ஊறவைத்துப் பார்ப்பது, எந்த முகாமுக்கு எந்த லொறி எந்தப் பாதையில் போனால் சாமான் நனையாமல் சேரும் என்று கணக்குப் போடுவது. ஒருமுறை பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்த அரிசி லொறியைப் மக்கல் நாற்றம் அடிக்கிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். மேலிடத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் சாப்பிட மாட்டேன் சேர், அவங்களுக்கும் குடுக்க மாட்டேன்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்படிப்பட்ட நெஞ்சழுத்தக்காரி. பதவி உயர்வுகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் ஒன்று. வீடு எங்கே என்று கேட்டால் நோர்வூட் என்பாள், தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாரோ லயத்துக் காம்பராவைப் பற்றிச் சொல்லி, ஒரே அறைக்குள் இரண்டு குடும்பமாம், எப்படித்தான் படுத்து எழும்புகிறார்களோ என்று சிரித்தார்கள். இவள் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அவள் வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் ஜெயகாந்தனுக்குக் கல்யாணம் ஆனதும் அடுப்பு பிரிந்தது. உள்ளே அண்ணன் குடும்பம். தகரம் அடித்து மறைத்த இஸ்தோப்பில், அதாவது முன்தாழ்வாரத்தில், அப்பாவும் அம்மாவும். கதவு மட்டும் ஒன்று.

அந்த வருஷத்து மழையில் தோட்டத்தின் மேல்மலை சரிந்தது. லயத்துச் சனமெல்லாம் உடுத்த துணியோடு பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டியது. நிவாரணச் சாமான் அனுப்பும் பொறுப்பு சுலக்ஷனாவின் மேசைக்கு வந்தது. தோட்டத்து ஆபீஸ் போன் செத்துக் கிடந்தது. எத்தனை பொதி கட்டுவது என்று கேட்க, லொறிகளைக் கொண்டுபோக இருந்த கப்டன் அவளிடமே வந்தார். நல்ல மனுசன், பரிகாசமாகக் கேட்கவில்லை. ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம்கூட இருப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், அப்படியா மிஸ் என்றார். சுற்றிலும் நாலு மேசை, நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அதெல்லாம் அந்தக் காலம் சேர். வீட்டுக்கு ஒரு குடும்பம்தான்” என்றாள்.

நாக்கு நுனியில் வேறு பதில் இருந்தது, விழுங்கிவிட்டாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கதவுக்கு ஒரு பொதி கட்டினார்கள். அரிசி, பருப்பு, மா, பால்மா, இரண்டு கம்பளி. இடமும் பாஷையும் தெரிந்தவள் என்று அவளையும் கூட வரச் சொன்னார் கப்டன். பாதை முழுக்க அவள் அந்தப் பதிலை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அனுசரித்துப் பகிர்ந்துகொள்வார்கள், நம் சனம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டதும் சனத்துக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. நம்ம சோலைமலை மகள் என்று ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டார்கள். சிப்பாய்கள் வீட்டு இலக்கத்தைக் கூப்பிட, பேர் பதிந்தவர்கள் வரிசையாக வந்து வாங்கினார்கள். அண்ணனும் வந்து வாங்கினான். சுவரோரம் ஒரு கூட்டம் மட்டும் அசையாமல் நின்றது. அதில் கைக்குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கூடப் படித்த நிஷாந்தி.

ஏன் வரிசைக்கு வரவில்லை என்று சுலக்ஷனா கேட்டாள்.

“எங்க மாமியார் வாங்கிட்டாங்க. வீட்டுக்கு ஒண்ணுதானாமே.”

“நீங்க தனி அடுப்புதானே?”

“அது ஒனக்கும் தெரியும்தானே சுலக்ஷனா” என்றாள் நிஷாந்தி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஈரத் தரையில் அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமியபடி இருந்தார். பக்கத்தில் அம்மா. நம்ம புள்ள கொண்டு வந்தது, யாரும் குறை சொல்லக் கூடாது என்று அம்மாதான் எல்லாருடைய வாயையும் அடைத்து வைத்திருக்கிறாள்.

லொறி டிரைவர் மெதுவாக வந்து, மிஸ்ஸுடைய அம்மா அப்பாவுக்கு என்று இரண்டு கம்பளி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பியிருக்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. சேர்த்து வைத்த நல்ல பெயரும் அப்படியே இருந்திருக்கும். அவள் கம்பளிகளை வாங்கி நிஷாந்தியின் கையில் கொடுத்துவிட்டு நேரே கப்டனிடம் நடந்தாள்.

கணக்குப் பிழை, பிழை என்னுடையது என்றாள். தெரியாமல் நடந்ததா என்று அவர் கேட்டார். தெரிந்துதான் சேர், சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். சிப்பாய்களும் டிரைவரும் ஊர்ச்சனமும் சுற்றி நிற்க, எல்லாருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னாள்: ஏழு பேர், இரண்டு அடுப்பு, ஒரு கதவு.

இதை மேலிடத்துக்கு எழுதாமல் இருக்க முடியாது மிஸ் என்றார் கப்டன். எழுதுங்கள் என்றாள். பொதிகளை அவிழ்த்து அடுப்புக் கணக்குப்படி பிரிக்கச் சொன்னார். கம்பளி போதாது, அதனால் பிள்ளைகளுக்கு முதலில். அடுத்த லொறி, பாதை திறந்தால், நாளைக்கு.

மீனம்மாவுக்கும் சிங்களம் விளங்கும். மகள் கிட்டே வந்ததும் குரலைத் தாழ்த்தி, “அவங்ககிட்ட போயி எதுக்குப் புள்ள நம்ம வீட்டு அசிங்கத்தையெல்லாம் சொல்ற?” என்றாள்.

“சொல்லாததாலதாம்மா அப்பாவுக்குக் கம்பளி இல்ல.”

மீனம்மா சோலைமலையின் தோளிலிருந்து நழுவிய சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டாள்.