லெவல் போடாத தரை

கொல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டுப் பழைய சிவப்புத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறாள். அதனால்தான் முதலில் தரையைச் சமமாக்கிவிட்டு, அதன் மேல் வினைல் ஷீட் ஒட்டச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் வேலை நடந்தது. நான் ஆபீஸ் போய்விட்டேன், அண்ணன் கூட இருந்து பார்த்துக்கொண்டான்.

இன்று காலை அதே பழைய பள்ளத்தில் வாக்கர் சாய்ந்து அம்மா விழப் போனாள். நல்லவேளை, பிடித்துவிட்டேன்.

ஷீட் ஒட்டிய மிஸ்திரியை வரவழைத்துக் கத்தினேன். அவர் ஷீட்டின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். அடியில் லெவலிங்கும் இல்லை, தூசியைக்கூடப் பெருக்கவில்லை.

"என்மேல கோவிச்சுக்காதீங்க தீதி. லெவலிங் வேண்டாம், சும்மா மேல ஒட்டிட்டுப் போன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "துர்கா பூஜை முடிஞ்சதும் ப்ரோமோட்டர் வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டப் போறான். அம்மா கையெழுத்துப் போட்டாச்சு. இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குடி லெவலிங்?"

அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"நீயும் சரின்னு சொல்லிட்டேன்னு சொன்னானேடி!"

என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

நான் மிஸ்திரியிடம், "நாளைக்கே வந்து லெவல் போடுங்க," என்றேன். இடிக்கிறவன் சமமான தரையையே இடிக்கட்டும். அதுவரை அம்மா நடக்க வேண்டுமே.

சொந்த வீட்டை இடிக்கப் போகும் சேதியை மிஸ்திரியிடம் சண்டை போடப் போய்த் தெரிந்துகொண்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் மட்டும்தானா?