காற்று அணைத்த கற்பூரம்

எங்கள் ஊர் உதைபந்தாட்டத் திடலும் பிள்ளையார் கோயிலும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. கிழக்குப் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கோயில் கிணறு. அதன் அருகில் ஒரு வேம்பு. அதற்குக் கீழே இருந்துதான் நான் சுவாமிக்கு மாலை கட்டுவேன். பின்னேரப் பூசைக்கு மாலை வேண்டும், ஆட்டமும் பின்னேரம்தான். இப்படித்தான் எனக்கு உதைபந்தாட்டம் பழகியது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். லீக்கின் சட்டப் புத்தகத்தை வாசித்ததில்லை. ஆனால் ஓவ்சைட் எது, ஹாண்ட் எது என்று நடுவர் விசில் ஊத முன்னமே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். செவ்வரத்தம் பூவைப் பார்த்தபடி முணுமுணுப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் கோல்காப்பாளர் ஆறு வருஷம் எனக்கு முன்னால் நின்றவன். அவனுடைய முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம். ஒருநாள் பயிற்சியில் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"ஆச்சி, என்னவோ புறுபுறுக்கிறியள். சத்தமாச் சொல்லுங்கோவன், எனக்குக் கேக்கிறேல்லை."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் சொன்னது, "இடப்பக்கம் பாயப் பயப்படாதை" என்று. அவன் மேசன் வேலை செய்கிறவன். ஒருதரம் சாரத்திலிருந்து விழுந்து இடது முழங்கால் பிசகிவிட்டது. அதன் பிறகு வலப்பக்கம் பூனை மாதிரிப் பாய்வான். இடப்பக்கம் என்றால் ஒரு கணம் யோசிப்பான். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பின்னால் இருந்த எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் யாழ்ப்பாணம் டவுன் கழகம் ஒன்று அவனைக் கேட்டது. அதன் தலைவர் தன்னுடைய களஞ்சியத்தில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். இருந்து செய்கிற வேலை. அந்த முழங்காலோடு இன்னும் எத்தனை வருஷம் சாரம் ஏறுவது? ஆனால் லீக்கின் சட்டப்படி, பழைய கழகம் விடுவிப்புக் கடிதம் கொடுக்காவிட்டால் ஆட்டக்காரன் ஒரு வருஷம் வெளியே இருக்க வேண்டும். வெளியே இருக்கிறவனுக்கு அந்தத் தலைவர் வேலை தரப்போவதில்லை. மாதம் முடிவதற்குள் கடிதம் வேண்டும். கடிதம் எழுத வேண்டியவர் எங்கள் கழகச் செயலாளர். அவர் எழுத மாட்டேன் என்றார்.

அவர் சொன்ன காரணம் கற்பூரம். முன்னொரு வருஷம் ஒரு முன்வரிசைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து ஊருக்கு விளையாடப் போய்விட்டான். அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருதரம், ஆட்டங்கள் தொடங்க முன்னர் எல்லோரும் பிள்ளையார் வாசலுக்கு வர வேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் உள்ள கல்லில் கற்பூரம் எரியும். ஒவ்வொருவனாக வந்து, "இன்னும் மூண்டு வருஷம் இந்த ஊருக்குத்தான் ஆடுவன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். கையெழுத்தைவிட அதுதான் எங்கள் ஊரில் பெரிய ஒப்பந்தம். கையெழுத்தை மறுத்தவர்கள் இருக்கிறார்கள். கற்பூரத்தை மறுத்தவர்கள் இல்லை.

கடைசியாக நடந்த அந்தச் சத்தியத்தின்போது நான் வாசலில் பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கோல்காப்பாளர் என்பதால் அவன் கடைசி ஆள். மற்றவர்கள் முடித்துவிட்டுப் பொங்கல் வாங்க மடத்துக்குப் போய்விட்டார்கள். சோளகக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. அவன் வசனத்தைச் சொல்லிக் கையை ஓங்கினான். கை இறங்க முன்னமே கற்பூரம் அணைந்துவிட்டது. செயலாளர் நெருப்புப் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார், குச்சி இல்லை. "சரி சரி, அணைஞ்சுதுதானே. போய்ப் பொங்கலைச் சாப்பிடு" என்றார். அவனும் போனான். பார்த்தவர்கள் மூன்று பேர்: அவன், செயலாளர், நான்.

டவுன் கழகம் கேட்ட செய்தி வந்த நாளிலிருந்து திடலில் பந்தை விட வாய்தான் கூட உதைத்தது.

"ஆறு வருஷம் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது ஆர்?" என்று உழவு இயந்திரக்காரர் கத்துவார். அவர் ஒரு ஆட்டமும் விடாமல் பார்க்கிறவர்.

"பூட்ஸ் குடுத்தா ஆளையும் வாங்கினதோ? அவனென்ன கட்டின மாடே?" என்று பஸ் நடத்துநர் கேட்பார்.

"நீர் கதைக்காதையும். உம்மடை மச்சான் அந்தக் கழகத்துக்குத் தண்ணிப் போத்தல் தூக்கிறவன்."

"ஓம், தூக்கிறான். உங்கடை கழகத்தில தண்ணியும் இல்லை, போத்தலும் இல்லை!"

அதோடு லீக் வேறு எண்ணெய் ஊற்றியது. அந்த வருஷம்தான் ஒரு கழகம் வெளியாள் இரண்டு பேர் இறக்கலாம் என்றிருந்ததை நாலு பேர் என்று மாற்றினார்கள். டவுன்காரருக்காகச் செய்த சட்டம் என்று எங்கள் ஆட்கள் லீக்கின் கடிதத்தைத் திடலிலேயே கொளுத்தினார்கள். நானும் மனதுக்குள் கொளுத்தினேன். மறைக்கவில்லை. அந்த வருஷம் லீக் கிண்ணம் எங்களுக்கு வரும் என்று நம்பியிருந்தேன். அவன் போனால் வராது. அவன் மேல் எனக்கு நல்ல கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயில் முன்றலில் கூட்டம் வைத்தார்கள். கழகத்துக்கு ஜேர்சி அனுப்புகிற கனடாக்காரரைத் தொலைபேசியில் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கதிரையில் சாய்த்து வைத்தார்கள். அவருக்கு அங்கே காலைநேரம், கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பேஸ்போல் விளையாடுறவங்களைப் பாருங்கோ" என்றார் அவர். "ஆறு வருஷம் ஒரு அணியில ஆடினாப் பிறகு ஆள் சுதந்திரம். விரும்பின இடத்துக்குப் போவான். ஒருத்தரும் கேக்க ஏலாது. இவனும் ஆறு வருஷம் ஆடீட்டான்தானே?"

"அண்ணை, உங்கடை ஆக்களுக்குக் கற்பூரம் இருக்கோ?" என்றார் உழவு இயந்திரக்காரர்.

"இங்க வழக்கறிஞர் இருக்கிறாங்கள்."

"அப்ப நீங்கள் அங்கயே பாருங்கோ. கோப்பி ஆறுது, குடியுங்கோ!"

யாரோ தொலைபேசியைக் கதிரையோடு கவிழ்த்துவிட்டார்கள். கனடாக்காரரின் "ஹலோ, ஹலோ" மண்ணுக்குள் கேட்டது.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த கோல்காப்பாளர் எழும்பிச் சொன்னான். "நான் கற்பூரம் அணைக்கேல்லை. காத்துத்தான் அணைச்சது."

சனம் ஊளையிட்டது. "பொய்! டவுன் சோறு இப்பவே செமிக்குதோ?" என்றான் ஒருவன். "என்ர கண்ணால கண்டனான், அவன் அடிச்சு அணைச்சவன்" என்றார் செயலாளர். அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

"ஆச்சி கண்டவா. அவவைக் கேளுங்கோ."

எல்லாத் தலையும் வேம்புப் பக்கம் திரும்பியது. ஊசி என் விரலில் ஏறியது. செயலாளர் அருகில் வந்தார்.

"அக்கா, அவன் அணைச்சவன்தானே?"

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேன். வெட்கத்தில் ஆட்டினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். வெட்கம் பாதி. மற்றப் பாதி கிண்ணம்.

சனம் கைதட்டியது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. பிறகு செயலாளரிடம் சொன்னான், "ஆச்சி அதே கல்லில கற்பூரம் அணைச்சுச் சொல்லட்டும். சொன்னா நான் ஒரு இடமும் போகேல்லை. சாகுமட்டும் இந்த ஊருக்கே ஆடுறன்."

"அதுக்கென்ன? அக்கா வாங்கோ" என்றார் செயலாளர். இந்தமுறை நெருப்புப் பெட்டி நிறையக் குச்சி வைத்திருந்தார்.

ஆண்கள் விலகி வழி விட்டார்கள். என் ஆயுளில் அத்தனை பேருக்கு நடுவில் நான் நடந்ததில்லை. கல்லில் கற்பூரம் எரிந்தது. அன்று காற்றே இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

"அடியுங்கோ அக்கா. ஒரு அடி."

கையைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை. பிள்ளையாருக்கு அன்று சாத்தியிருந்த மாலையும் நான் கட்டியதுதான். கற்பூரம் உருகி, சுருங்கி, தானாக எரிந்து முடிந்தது. கல்லில் கறுப்பு மட்டும் மிஞ்சியது.

"நான் அணைக்க மாட்டன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவன்ர கை படேல்லை. காத்துத்தான்."

மண்ணில் கவிழ்ந்து கிடந்த தொலைபேசி கதைத்தது: "ஹலோ, என்ன நடக்குது அங்க?"

செயலாளர் அங்கேயே கதிரையில் தாளை வைத்துக் கடிதம் எழுதினார். எழுதி முடித்துப் பேனையை என் காலடியில் எறிந்தார். "இந்தாங்கோ அக்கா, இனிக் கழகத்தை நீங்களே நடத்துங்கோ."

அதற்குப் பிறகு ஊர் என்னை நடத்திய விதம் வேறு. "கோல்காப்பாளரை வித்த கிழவி" என்று மதிலில் கரியால் எழுதினார்கள். உழவு இயந்திரக்காரர் தன் வீட்டுச் செவ்வரத்தையில் பூ ஆய வர வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினார். பந்து கிணற்றடிக்கு உருண்டு வந்தால் என்னிடம் கேட்காமல் தாங்களே வந்து எடுத்துப் போவார்கள். முன்னர் "ஆச்சி, பந்து!" என்று கூப்பிடுவார்கள்.

டவுன் கழகம் எங்கள் திடலுக்கு ஆட வந்த நாள் நான் போகாமல் இருந்திருக்கலாம். மாலை இருந்ததே, எப்படிப் போகாமல் இருப்பது? இரண்டாம் பாதியில் அவன் என் பக்கத்துக் கோலுக்கு வந்தான். நீல ஜேர்சி, அதே முதுகு. "ஆச்சி, சுகமோ?" என்றான். நான் பூவைப் பார்த்தேன்.

எங்களுக்கு ஒரு கோல், அவர்களுக்கு இரண்டு. முடியப்போகிற நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அடித்தால் சமநிலை. எங்கள் அணித் தலைவன் பந்தை வைத்தான். எனக்குள் என்ன ஏறியதோ தெரியாது. அவன் மேல் கோபம், ஊர் மேல் கோபம், கரியால் எழுதிய மதில், எல்லாம் சேர்ந்து நான் எழும்பி நின்றேன்.

"அவன்ர இடப்பக்கம் அடியடா!" என்று கத்தினேன். "அவனுக்கு இடது முழங்கால் ஏலாது!"

திடல் முழுக்கக் கேட்டது. தலைவன் அடித்தான், நான் சொன்ன பக்கமே. கோலில் நின்றவன் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருந்தது? நான்தானே சொல்லிக் கொடுத்தேன். இடப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து பந்தைக் கட்டிப்பிடித்தான்.

நொண்டிக்கொண்டு எழும்பித் திரும்பினான். வாயெல்லாம் மண்.

"ஆச்சி, இண்டைக்குத்தான் உங்கடை சத்தம் கேட்டது" என்றான்.

"போடா அங்கால, மூதேவி" என்றேன். அதுவும் சத்தமாகத்தான்.

தோற்றுப் போனோம். நான் வேண்டுமென்றே அவனுக்குச் சைகை சொன்னதாக ஊரில் இன்றைக்கும் பேச்சு. இரண்டாம் தரமும் விற்றுவிட்டேனாம். இல்லை என்று சொன்னால் கற்பூரம் அணைக்கச் சொல்வார்கள்.

அணைப்பேன். இதற்கு என் கை இறங்கும். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை.