ரொட்டிக் கூடைக்குள் ரொமினாவின் போன்

என் அக்காள் புருஷன் வால்டெமர், பைசாண்டூ நகரப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். கைபேசி என்றாலே அவருக்கு ஆகாது. முன்பெல்லாம் பேருந்தில் ஏறுகிறவர்கள் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். கடைசி வருஷங்களில் குனிந்த தலையோடு ஏறி, குனிந்த தலையோடு இறங்கினார்கள். "நான் ஓட்டினேனா, பேய் ஓட்டிச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியாது மச்சினி" என்று என்னிடம் புலம்புவார்.

மிச்சமிருந்த மரியாதை ஞாயிறு மதியச் சாப்பாட்டில்தான். கொல்லையில் விறகெரித்து, கனலைத் தள்ளி, விலா இறைச்சியையும் தொத்திறைச்சியையும் நின்றுகொண்டே சுடுவார். முதல் தட்டு அங்கேயே போட்டிருக்கும் மேசைக்கு வந்ததும் யாராவது "சுட்டவருக்கு ஒரு கைதட்டு!" என்று குரல் கொடுக்க, எல்லோரும் தட்ட வேண்டும். தட்டாமல் இறைச்சியில் வாய் வைப்பவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே சேர்ப்பதில்லை. போன வருஷம் அவர் மகன் ஃபகுந்தோ கைதட்டாமல் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மனுஷர் அதைப் பிடுங்கி ஒயின் ஜாடிக்குள் போட்டுவிட்டார். எழுந்து போன பிள்ளை அதற்குப் பிறகு வாசல் மிதிக்கவில்லை.

என் அக்காள் எல்பா அழுது கெஞ்சி அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். கூடவே தன் காதலி ரொமினாவையும் அழைத்து வருவதாகச் சொன்னான்.

"இந்தத் தடவை ஏதாவது செஞ்சீங்க, நானும் அவன்கூடவே கெளம்பிடுவேன்" என்றாள் எல்பா.

"நான் வாயையே திறக்கல, போதுமா? போனை மட்டும் இந்த ரொட்டிக் கூடையில போடச் சொல்லுவேன். அன்பாத்தான் சொல்லுவேன்."

வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் அடுத்த முறைக்கான ஆள் வரத் தாமதமானதால் ஃபகுந்தோ நேரத்துக்கு வரவில்லை. ரொமினா மட்டும் கேக்கோடு வந்து நின்றாள். அழகான சிரிப்பு. கையில் போன். வால்டெமர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அதை அன்பாகவே உருவிக் கூடையில் போட்டார்.

"அது எனக்கு வேணும் மாமா" என்றாள் அவள், தணிந்த குரலில்.

"எல்லாருக்கும்தான் வேணும்! சோறு தண்ணி வேணாம், அதுதான் வேணும்!"

எல்லோரும் சிரித்தோம். புது வீட்டில் முதல் நாள், அவள்தான் என்ன செய்வாள்? பேசாமல் உட்கார்ந்தாள். கூடை சமையலறை ஃபிரிட்ஜ் மேல் ஏறியது.

முதல் தட்டு வந்தது. நான்தான் குரல் கொடுத்தேன், எல்லோரும் தட்டினோம். ரொமினாவோ மேசைக்கடியில் குனிந்து நாயைத் தடவிக்கொண்டிருந்தாள். வால்டெமரின் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்புக் கூடிப்போச்சோ?" என்றார். நிமிர்ந்தவள் அவருடைய பெரிய மீசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அவ்வளவுதான். மனுஷர் விறுவிறுவென்று சமையலறைக்கு வந்துவிட்டார். நானும் எல்பாவும் சாலட் கலக்க அப்போதுதான் அங்கே வந்திருந்தோம்.

"போனைப் பிடுங்கினதும் சாவி தீர்ந்த பொம்மை ஆயிட்டா பாரு! கேட்டா பதில் இல்ல, கைதட்ட மனசு இல்ல. இந்தத் திமிர் பிடிச்சவளுக்காகவா என் புள்ள என்னை விட்டுட்டு இருக்கான்? வளர்த்த லட்சணம்!"

"மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழப்போகுது!"

"விழட்டுமே! விழுந்தாவது புத்தி வரட்டும்!"

நாங்கள் மேசைக்குத் திரும்பிய நேரம் பார்த்து ஃபகுந்தோ ஹெல்மெட்டும் கையுமாக வந்தான். ரொமினாவின் காலித் தட்டைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

"இவ போன் எங்கே?"

எங்கள் கண்கள் வால்டெமர் பக்கம் போனதே போதுமானதாக இருந்தது.

"அப்பா, அவளுக்குக் காது கேக்காது. ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. நாம பேசுறத அந்தப் போன்தான் எழுதிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவா. நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா?"

வால்டெமர் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கூடையோடு வந்து, போனைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதன் திரை அணையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ரொமினா வாங்கி, விரலால் மேலே தள்ளிப் படிக்க ஆரம்பித்தாள்.

எல்பா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ, ஃபிரிட்ஜ் மேலதானேடி இருந்துச்சு!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பொம்மை, திமிர், வளர்த்த லட்சணம் எல்லாம் ஒரு எழுத்து விடாமல் அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. அவள் சிரிப்பு மெல்லக் காணாமல் போனது. முதலில் வால்டெமருக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, எங்கள் முகத்தைப் பார்த்து, பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனது. எனக்கே தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது என்றால், அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஃபகுந்தோவும் அவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டான். ஹெல்மெட்டை மாட்டினான். "எந்திரி, போகலாம்" என்று அவள் கையைத் தொட்டான்.

வால்டெமர் மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதே இல்லை.

ரொமினா போனைப் பார்த்தாள். அதில் ஒன்றும் வரவில்லை. "எழுதல மாமா" என்றாள்.

இன்னொரு தடவை முணுமுணுத்தார். அதுவும் வரவில்லை. போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "சத்தமாச் சொல்லுங்க."

"தப்புப் பண்ணிட்டேம்மா! மன்னிச்சிடு! வெக்கமா இருக்கு!"

பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரல் அது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரூபனின் வானொலி நின்றது. ரூபனின் தலை சுவருக்கு மேல் மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டது. வால்டெமர் தலையைத் தூக்கவே இல்லை.

ரொமினா நிதானமாகப் படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு ஃபகுந்தோவின் சட்டையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலிக்கு இழுத்தாள். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டை நீட்டினாள்.

"பசிக்குது மாமா. இருந்தா அந்த விலாத் துண்டு வைங்க."

அவர் வைத்தார். கரண்டி தட்டில் பட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது, அவள் ஒருத்தியைத் தவிர. நான் பழக்க தோஷத்தில் கைதட்டக் கையைத் தூக்கினேன்.

"வேணாம் மச்சினி" என்றார் வால்டெமர். "இன்னிக்கு வேணாம்."

அதையும் அந்தப் போன் எழுதியது.