தமிழ்க் கவிதைக்குத் தமிழ்ச் சங்கத்தில் இடமில்லை

போன ஞாயிறு, இங்கே பர்மாவில், போட்டாதாங் பேட்டையில் எங்கள் சங்கத்தின் இலக்கியக் கூட்டம். ஓர் அமெரிக்கப் பெண் கவிஞரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போன நூற்றாண்டுக்காரர். பெயரை இங்கே எழுதவில்லை. அவர் படத்துக்கு மாலை போட்ட தலைவருக்கே அது வாயில் நுழையவில்லை. ‘அந்த அமெரிக்க அம்மா’ என்றே கடைசிவரை ஒப்பேற்றினார்.

ஆனால் கூட்டம் தொடங்கும் முன்பே எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

மா தேவி வந்திருந்தாள். கியாக்தானிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண். அப்பா தமிழர், அம்மா பர்மியர். லத்தாவில் ஒரு போன் கடையில் வேலை. கவிதை வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் — மேடை ஏறும் முன் தாளைத் தலைவரிடம் காட்ட வேண்டும். காட்டினாள்.

தலைவர் ஊ தங்கையா (பெரியவர் பெயருக்கு முன்னால் ‘ஊ’, பெண் பெயருக்கு ‘மா’, இந்த ஊர் மரியாதை) அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா மா தேவி இது? தமிழ்ச் சங்கமா, டவுன்ஷிப் ஆபீஸா?”

கவிதை தமிழ்தான். எழுத்துதான் பர்மா எழுத்து. அவளுக்குத் தமிழ் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டுக் காது வழியாக வந்தது, கைக்கு வரவில்லை. எழுதச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? இங்கே பாதி இளசுகள் இப்படித்தான் எழுதுகின்றன. தலைவருக்கும் தமிழைவிடப் பர்மா எழுத்துதான் வேகமாக ஓடும்!

“வாசிச்சா தமிழாத்தானே கேக்கும், ஊலே?” என்றாள் தேவி. இங்கே மாமா என்பதற்கு ‘ஊலே’.

“மொதல்ல அ, ஆ படி. அடுத்த வருசம் வா. இப்பப் போயி மொகிங்காவுக்கு முட்டை உரி.” வந்தவர்களுக்கு அன்று அந்த மீன்குழம்பு நூடுல்ஸ்தான் சாப்பாடு.

“ரெண்டு நிமிசம் வாசிக்கட்டுமே ஐயா” என்றேன்.

“இன்னிக்கு இத விட்டா, நாளைக்கு எல்லாரும் இப்பிடியே வருவாங்க.”

வரட்டுமே! வந்தால் என்ன கெட்டுப்போகும்? பாதி நாற்காலி காலியாகத்தானே கிடக்கிறது?

அந்தக் கவிதையை அவள் எனக்குச் சங்கப் படிக்கட்டில் வைத்துச் சொல்லிக்காட்டியிருந்தாள். விழித்திருக்கும்போது பர்மா மொழி மட்டுமே பேசும் அப்பா... தூக்கத்தில் தமிழில் திட்டுகிறார். யாரைத் திட்டுகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த ஊர்த் தமிழில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

பேசினேன். அந்த அமெரிக்கக் கவிஞரைப் பற்றிக் கோபமாகவே பேசினேன். சின்ன ஊரில் பிறந்த பெண். சீக்கிரமே கல்யாணம், பிள்ளைகள். சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதினார். பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள் — இது அடுப்படிப் பேச்சு, கவிதையே இல்லை என்று. அவர் ஒரு வரியையும் மாற்றிக்கொள்ளவில்லை. தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் முதல் புத்தகம். அப்புறம் பரிசு, பல்கலைக்கழக வேலை... கதவைச் சாத்தியவர்களே வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள்.

ஒரே கைதட்டல். நன்றியுரை சொல்ல வந்த தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பேர்ப்பட்ட ஒரு பொண்ணு நம்மள்ல பொறந்திருந்தா, தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடியிருப்போம்!”

டீ கொண்டுவந்த தேவி அப்படியே நின்றாள்.

“ஊலே, அந்தம்மா தமிழ் எழுத்துலயா எழுதுனாங்க?”

பின் வரிசை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. “வாய் ரொம்ப நீளுது” என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தார்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்பாவுக்காகத்தான் தமிழ்ல எழுதுனேன் அண்ணே. வேற ரெண்டு கவிதைய பர்மா பாஷையில எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்புனேன். போட்டுட்டாங்க. இன்னும் குடுன்னு கேக்குறாங்க. இனிமே அதுலயே எழுதிக்கிறேன்.”

“தமிழை விட்டுறாத மா.”

“நான் எங்க விட்டேன்?”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் பெரிய கவிஞராவாள். சந்தேகமே இல்லை. அன்றைக்கு எங்கள் சங்கம் அவளுக்கும் கூட்டம் போடும், படத்துக்கு மாலையும் போடும். கவிதைகளை மட்டும் யாராவது தமிழில் மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும்!