முகலுலா சொன்ன நன்றி

ஏரிக்கரை ஊருக்கு உயர் நீதிமன்றம் வந்தபோது அது ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு பொய்முடி, ஒரு கறுப்பு அங்கி, ஒரு கைமணி, தடித்த புத்தகங்கள் ஏழு. கடற்கரையிலிருந்து ரயிலிலும் பிறகு படகிலும் வந்த அந்தப் பெட்டியைச் சுமைகூலி ஒருவன் தலையில் ஏற்றிக்கொண்டு போய், முன்பு யானைத் தந்தம் அடுக்கி வைத்திருந்த கிடங்கில் இறக்கினான். மறுநாள் முரசு அடித்து, இனி இந்த நாட்டில் நீதி உண்டு என்று அறிவித்தார்கள். அதுவரை நாணல் வேலியோரம் பாய் விரித்து உட்கார்ந்து ஆயிரம் வழக்குகளைத் தீர்த்தவர்கள், முந்தைய நாள் மாலை வரை எதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு புத்தகங்களும் இந்தியாவுக்காக அச்சடித்தவை. அங்கே யாரையோ அடக்குவதற்கு எழுதிய சட்டத்தில் கொஞ்சம் மீந்திருந்தது போலும். வீணாக்குவானேன் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றத்தை உண்டாக்கிய ஆணையில் கையெழுத்துப் போட்ட வெள்ளைக்கார அரசர் இந்த ஏரியைக் கண்ணால் கண்டதில்லை. நாட்டாரின் வழக்கங்கள் நியாயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் அருவருப்பாக இல்லாதவரை மதிக்கப்படும் என்று அந்த ஆணையில் ஒரு வரி இருந்தது. அருவருப்பு யாருடைய மூக்குக்கு என்பதைக் குறிப்பிட மறந்துவிட்டார்கள்.

அந்தக் கிடங்கின் வாசலுக்கு முதல் நில வழக்கைக் கொண்டுவந்தவன் முகலுலா. வெட்டுக்கிளிக் குலத்தான். வயது ஐம்பதுக்கு மேல். லுகோங்கே மேட்டில் அவனுக்கு ஒரு வாழைத்தோப்பும் ஒரு மனைவியும் உண்டு. இடது காது கிடையாது. பதினைந்து வயதில் பழைய மன்னரின் அரண்மனையில் ஏவலாளாக இருந்தபோது, மன்னர் தும்மிய நேரத்தில் அவன் சிரித்துவிட்டான். காதை அறுத்தார்கள். ரத்தம் கழுத்தில் வழிய, அவன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, இரு கைகளையும் சேர்த்து மேலும் கீழும் ஆட்டி, நன்றி நன்றி என்று இருபது தடவை சொன்னான். அதுதான் முறை. மன்னர் நிலம் கொடுத்தாலும் நன்றி, அடி கொடுத்தாலும் நன்றி. நன்றி சொல்லாமல் எழுந்தவனுக்குக் காதோடு நிற்காது. இந்த மடத்தனத்தை எங்கள் ஆட்கள் பல தலைமுறைகளாகப் பணிவு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேட்டில் நாற்பது குடும்பங்கள். எல்லாருக்கும் சோறு போடுவது அந்தச் சரிவின் வாழைகள்தாம். உச்சியில் ஒன்பது கல்லறைகள். ஒரு குலம் தன் ஆட்களை நாலு தலைமுறையாக ஓரிடத்தில் புதைத்திருந்தால் அந்த நிலத்திலிருந்து மன்னராலும் அவர்களைக் கிளப்ப முடியாது; அது பழைய சட்டம். ஆவி வந்து காக்கும் என்று சில கிழவர்கள் நம்பினார்கள். முகலுலா நம்பவில்லை. கல்லறை என்பது மண்ணில் எழுதிய பத்திரம், அவ்வளவுதான் என்பது அவன் கணக்கு.

ஆனால் வெள்ளைக்காரர்களும் மாவட்டத் தலைவர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நாட்டைச் சதுர மைல்களாகப் பென்சிலால் பங்கு போட்டுக்கொண்டார்கள். அளப்பது பிறகு, எடுப்பது முதலில். லுகோங்கே மேடு எரிசா என்ற தலைவனின் பங்கில் விழுந்தது. எரிசா ஞானஸ்நானம் பெற்றவன், வெள்ளை அங்கியும் கறுப்புக் கோட்டும் போடுபவன். அரசாங்கம் அவனுக்குப் பருத்தி விதை கொடுத்திருந்தது. மழைக்கு முன் மேடு காலியாக வேண்டும் என்று ஆள் விட்டான்.

குலத்தார் கூடினார்கள். தலைவனுக்கு மேலே இப்போது ஒரு நீதிமன்றம் இருக்கிறதே, போய்க் கேட்போம் என்றார்கள். யார் பேசுவது? அரண்மனையில் இருந்தவன், பெரிய இடத்தில் பேசத் தெரிந்தவன் என்று முகலுலாவைக் காட்டினார்கள்.

அவன் மனைவி நகித்தோ வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பெரிய இடத்துல பேசித்தானே ஒரு காதை விட்டுட்டு வந்தீங்க?"

"அது மன்னரு. இது சட்டம்டி. இதுல ஆளு கிடையாது, புத்தகம்தான்."

"புத்தகத்தைப் படிக்கிறது ஆளுதானே?"

முகலுலா மரப்பட்டைத் துணியை உதறித் தோளில் முடிந்துகொண்டு, குலத்து ஆண்கள் பதினெட்டுப் பேரோடு இரண்டு நாள் நடந்து ஏரிக்கரைக்குப் போனான்.

நீதிபதி சிவந்த முகத்தோடு பொய்முடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் யோசியா. பாதிரியார் பள்ளியில் படித்த இளைஞன், கேட்டதை மட்டும் சொல்லப் பழகியவன். எரிசா வேதப் புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்தான். முத்தமிடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது. பிறகு சிவப்பு முத்திரை ஒட்டிய தாளை எடுத்து வைத்தான்.

"ஆண்டவர் சாட்சியா சொல்றேன். இது அரசாங்கம் எனக்குக் கொடுத்த நிலம்."

"அரசாங்கத்துக்கு யாருய்யா கொடுத்தா?" என்றான் முகலுலா.

அந்தக் கேள்வி இந்த நீதிமன்றத்தின் முன் இல்லை என்றார் நீதிபதி. அவனுடைய பத்திரம் எங்கே என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ள இருக்குங்க. ஒம்போது பேரு. வரிசையா படுத்திருக்காங்க. வந்து பாத்தீங்கன்னா ஒவ்வொருத்தர் பேரும் சொல்றேன்."

யோசியா மொழிபெயர்த்தான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துப் புன்னகைத்தார். அவர்களைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்க முடியாதே என்றார். காவலர்கள் சிரித்தார்கள்.

"அழைக்க முடிஞ்சா நான் எதுக்குங்க இம்புட்டுத் தூரம் நடந்து வரேன்? அவங்களே வந்திருப்பாங்க. ஒரு நடை வாங்க. ரெண்டு நாள்தான்."

நீதிபதி வரவில்லை. கடல் கடந்து ஆறாயிரம் மைல் வந்தவருக்கு இரண்டு நாள் நடை தூரமாகப் பட்டது. மதியத்துக்குள் தீர்ப்பு ஆகிவிட்டது: வாதியிடம் தாள் இல்லை, பிரதிவாதியிடம் இருக்கிறது, ஆகவே நிலம் பிரதிவாதிக்கு. தீர்ப்பில் குறையுள்ளவர் அறுபது நாளுக்குள் கடற்கரையில் உள்ள மேல் மன்றத்துக்கு முறையீடு செய்யலாம்.

யோசியா அதை அப்படியே சொன்னான். முகலுலாவுக்கு எல்லாம் விளங்கியது. தோற்றதும் விளங்கியது, அறுபது நாளும் விளங்கியது. ஆனால் தீர்ப்புச் சொன்ன வாய் மூடியதும் அவன் முழங்கால் தானாக மடிந்தது. பதினைந்து வயதில் உடம்பில் ஏறிய பாடம் அது. புத்தியைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. அவன் விழுந்தான். பின்னால் பதினெட்டுப் பேரும் விழுந்தார்கள். தந்தக் கிடங்கின் மண் தரையில் பத்தொன்பது பேர் கைகளைச் சேர்த்து ஆட்டி, நன்றி நன்றி என்று முழங்கினார்கள்.

நீதிபதி திகைத்துப்போய், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"நன்றி சொல்றாங்க ஐயா," என்றான் யோசியா. கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நீதிபதியின் கண்கள் பனித்தன. மூன்று மாதமாகக் கொசுவும் காய்ச்சலும் தின்ற மனிதர். யாராவது தனக்கு நன்றி சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தார் போலும். தீர்ப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: வாதிகள் தீர்ப்பை மனமுவந்து ஏற்றதால் இது இரு தரப்பின் சம்மதத்தின் பேரில் ஆன தீர்ப்பாகப் பதிவாகிறது. அன்று மாலையே மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். இருளில் கிடந்த மக்கள் பிரிட்டிஷ் நீதியைத் தரையில் விழுந்து வரவேற்றதை அதில் இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார்.

மேட்டுக்குத் திரும்பிய முகலுலா மனைவியிடம் நடந்ததைச் சொன்னான்.

"தோத்துட்டு விழுந்து கும்பிட்டீங்களா?"

"அது வழக்கந்தானேடி. இன்னும் அறுபது நாள் இருக்கு."

"கும்பிடலேன்னா என்ன, மிச்சக் காதையும் அறுத்துருவானோ?" நகித்தோ சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நாற்பது வீட்டு அடுப்புங்க. விளையாட்டு இல்ல."

அவன் விளையாடவில்லை. முப்பதாம் நாள் மறுபடியும் ஏரிக்கரைக்கு நடந்தான். மேல்முறையீட்டு மனுவை யோசியாவே எழுதிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். நீதிபதி மனுவைப் பார்த்தார், பழைய பதிவைப் புரட்டினார், யோசியாவிடம் ஏதோ சொன்னார். யோசியா முகலுலாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பெரியவரே, மனுவை ஏத்துக்க முடியாதாம்."

"அறுபது நாள் ஆகலையே தம்பி. பாதிதானே ஆச்சு?"

"நாள் கணக்கு இல்ல. இது சம்மதத்துல ஆன தீர்ப்பாம். சம்மதிச்சவன் மேல்முறையீடு பண்ண முடியாதுன்னு அந்தப் புத்தகத்துல இருக்கு."

"யாரு சம்மதிச்சா?"

"நீங்கதான். விழுந்து நன்றி சொன்னீங்கள்ல?"

முகலுலா தலையைத் திருப்பி, காது இருந்த இடத்தை நீதிபதிக்குக் காட்டினான்.

"இதை அறுத்தவனுக்கும் நான் நன்றி சொன்னேன். இருபது தடவை சொன்னேன். அப்போ அறுத்துக்கோன்னு நான் சம்மதிச்சேனா? துரைகிட்ட கேளு. வெட்டுறவன் கையில கத்தி இருக்கிறப்போ சொல்ற நன்றிக்கு என்ன அர்த்தம்னு அவரு புத்தகத்துல போட்டிருக்கா, அதையும் கேளு."

யோசியா மொழிபெயர்த்தான். அதோடு நிறுத்தவில்லை. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அன்று தான் எதைச் சொல்லாமல் விட்டான் என்பதையும் தன் வாயால் சேர்த்துச் சொன்னான்.

நீதிபதி எழுந்து வந்து, வடு விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். மிகவும் வருந்தினார். எப்பேர்ப்பட்ட காட்டுமிராண்டி ஆட்சி என்றார். அந்தக் காலம் மலையேறிவிட்டது, இனி இந்த நாட்டில் சட்டம்தான் ஆளும், அதை எண்ணி இந்த மனிதன் மகிழ வேண்டும் என்றார். பிறகு இருக்கைக்குத் திரும்பி, மனுவின் மேல் தள்ளுபடி என்று எழுதி, மணியை அடித்தார்.

மழைக்குப் பத்து நாள் இருந்தபோது எரிசாவின் ஆட்கள் மண்வெட்டிகளோடு அடிவாரத்தில் கூடாரம் போட்டார்கள். குலத்துக் கிழவர்கள் அழுதார்கள். ஒன்பது பேரையும் தோண்டியெடுத்து, எலும்புகளைப் பட்டைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

"எலும்புக்குப் பசிக்குமா?" என்றான் முகலுலா. "செத்தவங்க செத்துட்டாங்க. அவங்களைப் பருத்தி ஒண்ணும் பண்ணாது. நம்ம பிள்ளைங்க திங்க வேணும். வாழைக்கன்னைத் தோண்டுங்கய்யா."

"முன்னோரை விட்டுட்டு வாழைக்கன்னைத் தூக்கிட்டுப் போறதா?"

"ஆமா. முன்னோரு அந்த வாழைக்காகத்தான் இங்க வந்து உக்காந்தாங்க."

ஒரு கிழவர் அவன் முன்னால் காறித் துப்பினார். முகலுலா அதைப் பொருட்படுத்தாமல் மண்வெட்டியை எடுத்தான். முதலில் நகித்தோ அவனோடு சேர்ந்து தோண்டினாள். பிறகு பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆண்கள் கடைசியில் வந்தார்கள். மூன்று நாளில் நாற்பது குடும்பமும் வீட்டுக்கு எட்டுப் பத்துக் கன்றுகளைச் சுமந்துகொண்டு, இடுப்பளவு சேற்றில் கோரைச் சதுப்பைக் கடந்து, எவனும் இன்னும் பென்சிலால் கோடு போடாத அக்கரைக் காட்டில் ஏறின.

காடு வெட்டி ஊன்றிய கன்றுகள் முதல் மழையில் மூன்று இலை விட்டிருந்தன. அப்போது நீதிமன்றச் சேவகன் ஒருவன் சேற்றோடு வந்து சேர்ந்தான். எரிசா புதிய வழக்குப் போட்டிருக்கிறானாம். நிலத்தோடு அதில் வேர்விட்ட யாவும் தீர்ப்பின்படி அவனுக்குச் சொந்தமாம். ஆகவே முந்நூற்றுச் சொச்சம் வாழைக்கன்றுகள் திருட்டுப் போயிருக்கின்றனவாம். முகலுலா வந்து பதில் சொல்ல வேண்டுமாம்.

நகித்தோ தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போகப் போறீங்களா?"

"போகாட்டி அவன் சொல்றதுதான் பதிவாகும்."

"போயி?"

"நான் பேசுறதை எல்லாம் துரை கையாலயே எழுதச் சொல்லுவேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் நின்ன இடத்துல நிப்பேன். இந்த முழங்கால்தான் பயமா இருக்கு."

அவள் உள்ளே போய் இரண்டு மூங்கில் பத்தைகளும் பட்டைக் கயிறும் எடுத்து வந்தாள். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுகிற மாதிரி, வலது முழங்காலுக்கு ஒன்று, இடது முழங்காலுக்கு ஒன்று, மடக்க முடியாதபடி வைத்து இறுக்கிக் கட்டிப் பார்த்தாள்.

"நடந்து காட்டுங்க," என்றாள்.

அவன் கொக்கு மாதிரி விறைப்பாக நாலு எட்டு நடந்தான். சேவகன் வாய்விட்டுச் சிரித்தான்.

"நீ சிரி," என்றான் முகலுலா. "இந்தக் கட்டை அவுக்கறது நீதிமன்ற வாசலைத் தாண்டி வெளிய வந்த பொறவுதான்."