அந்தக் காரின் முகம்

எனக்குக் கார் ஓடத் தெரியாது. லண்டனுக்கு வந்த புதிதில் பழகப் போய், சோதனையில் மூன்று தரம் கோட்டை விட்டேன். நாலாம் தரம் போக ரோசம் விடவில்லை. அப்படிப்பட்ட நான், பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் ஐம்பத்தைந்தாம் ஆண்டு மொடலுக்கும் ஐம்பத்தாறாம் ஆண்டு மொடலுக்கும் என்ன வித்தியாசம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

என் தம்பி யாழ்ப்பாணத்தில் கலியாணக் கார் ஓடினவன். கார் அவனுடையதல்ல, ஒரு முதலாளியுடையது. வெள்ளையும் நீலமும் பூசிய நீளமான அமெரிக்கக் கார். பெட்ரோல் கண்ணிலும் காணக் கிடைக்காத காலம் அது. ஒரு போத்தலில் ஒளித்து வைத்திருக்கும் கொஞ்சப் பெட்ரோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பட்டுச்சேலைக்கு மேல் மண்ணெண்ணெய் மணக்காத கலியாணப் பொம்பிளை அந்த வருடங்களில் ஊரில் இருந்திருக்க மாட்டாள். ஒரு நாள் பொம்பிளை மாப்பிள்ளையை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தம்பியைக் கொண்டுபோனார்கள். யார் கொண்டுபோனது என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கார் மட்டும் கதவு திறந்தபடி, முன்னால் கட்டிய பூமாலையோடு வீதியோரத்தில் நின்றது.

அப்போது அவனுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய மனைவியை, என் மச்சாளை, அவளுக்கு நானும் மச்சாள்தான், சில மாதங்களில் நான்தான் லண்டனுக்கு எடுப்பித்தேன். அன்றிலிருந்து வடக்கு லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டு மேல் அறையில் இருக்கிறாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. நெற்றியில் குங்குமப் பொட்டு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ரயில் மாறி மாறி லூயிஷாம் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கும் விசாக நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பாள். நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்யும் அர்ச்சனை. நான் கூடப் போவேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. சரி என்று நம்பவும் மனம் வந்ததில்லை.

இப்படியே எங்கள் தலைமயிர் நரைத்திருக்கும், அந்தப் படம் வராமல் இருந்திருந்தால்.

குரோய்டனில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, இறந்துபோன தகப்பனின் பழைய படங்களைக் கிளறும்போது அதைக் கண்டு எனக்குப் போனில் அனுப்பினாள். "அக்கா, இது உங்கட தம்பியெல்லே?" என்று கீழே எழுதியிருந்தாள். அவனேதான். வெள்ளைச் சேட்டும் வெள்ளை வேட்டியும், தோளில் துவாய். ஒரு கையைக் காரின் பொனற்றில் வைத்துக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். எந்த இடம், எந்த வருடம், ஒன்றும் தெரியாது. எடுத்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மச்சாள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மச்சாள், இது அவரைக் கொண்டுபோக முந்தி எடுத்ததோ? பிறகு எடுத்ததோ?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் எங்கள் கஷ்டகாலம் தொடங்கியது. முதலாளியின் மகன் கனடாவில் இருக்கிறான். அவனைப் பிடித்துக் கேட்டபோது, தம்பி போன பிறகு வேறொருவன் ஓடி அந்தக் காரை மதகில் மோதிய கதையைச் சொன்னான். "முன்பக்கம் நொருங்கிப்போச்சு அக்கா. அப்பா வேறயொரு காரின்ர முன்பக்கத்தை எடுத்துப் போட்டுத்தான் வன்னிக்கு வித்தவர். எங்கட கார் ஐம்பத்தஞ்சில செய்தது. போட்டது ஐம்பத்தாறு மொடலின்ர முகம்."

நான் உடனே கம்ப்யூட்டரில் தேடினேன். ஐம்பத்தைந்து மொடலுக்கு முன்பக்கத்துக் கம்பிவலை சின்னது, நடுவில் ஒரு சின்ன யன்னல் மாதிரி. ஐம்பத்தாறுக்கு அது அகன்று, ஒரு லைட்டிலிருந்து மற்ற லைட் வரைக்கும் போகும். படத்தில் இருந்தது அகன்ற வலை. அப்படியென்றால் முகம் மாற்றிய பிறகு எடுத்த படம். அப்படியென்றால் தம்பி கொண்டுபோகப்பட்ட பிறகும், வன்னியில் எங்கேயோ, அந்தக் காருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிறகேன் வீட்டுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். பாதை பூட்டியிருந்தது. ஊரில் எங்கள் வீட்டார் இடம்பெயர்ந்து விலாசமே இல்லாமல் போயிருந்தார்கள். பயந்து ஒளித்திருந்திருப்பான். காரணங்களுக்கா பஞ்சம்? ஒருத்தி நம்ப வெளிக்கிட்டால் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

அந்தக் காரின் பழைய முகம் உங்களுக்கு நினைவில்லையா என்றும் கேட்கலாம். எனக்கு இதில்தான் என்மேலேயே எரிச்சல். கலியாணக் காரின் முன்பக்கத்தை யார் கண்டது? ஓடின நாளெல்லாம் அதன் மூஞ்சி முழுக்க மாலையும் தென்னங்குருத்துத் தோரணமும்தான். மச்சாளின் சொந்தக் கலியாணப் படத்திலும் கார் நிற்கிறது, ஒரு பூக்கூடைக்குச் சில்லுப் பூட்டிய மாதிரி.

ஆகவே நான் படிக்கத் தொடங்கினேன். எந்த மொடலுக்கு எந்த லைட், எந்த வருடம் எந்தப் பட்டியை மாற்றினார்கள், எந்தத் துண்டு எதற்குப் பொருந்தும் என்று. இரவு சமையல் முடிந்ததும் மச்சாள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து பக்கத்தில் இருப்பாள். "உங்களுக்கு இந்தமுறை சோதினை பாஸ்தான் மச்சாள்" என்று பகிடி விடுவாள். அவள் பகிடி விட்டு நான் கேட்டு எத்தனை காலம்! இப்படிப் போன இரண்டு வருடமும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். வன்னியிலிருந்து வந்தவர்கள் என்று யாரைக் கண்டாலும் படத்தைக் காட்டி விசாரித்தாள். அவன் இருந்தால் இப்போது என்ன நிறத்தில் நரைத்திருப்பான் என்றுகூட என்னிடம் கேட்டாள்.

எனக்கு ஒரேயொரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. ஐம்பத்தாறின் முகம் ஐம்பத்தைந்தின் உடம்பில் உண்மையில் ஏறுமா? புத்தகத்தில் ஏறுகிறது. கண்ணால் பார்த்தவர் சொன்னால் நல்லது. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடக்கு லண்டனில் ஒரு பப்பின் கார் நிறுத்துமிடத்தில் பழைய அமெரிக்கக் கார்க்காரர்கள் கூடுகிறார்கள் என்று அறிந்து இருவரும் போனோம். மச்சாள் நல்ல சேலை உடுத்து வந்தாள்.

"கார் பாக்கப் போறதுக்கு ஆர் மச்சாள் காஞ்சிபுரம் உடுக்கிறது?" என்றேன்.

"அவரின்ர காரையெல்லோ பாக்கப் போறம்" என்றாள்.

நின்றது ஒன்று. அதே வெள்ளை, அதே நீலம், ஐம்பத்தாறு மொடல். அதன் சொந்தக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். மடக்குக் கதிரையில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சேலைக்காரிகள் வந்து கம்பிவலையைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். படத்தை வாங்கிப் பார்த்தார். ஏறும், கொஞ்சம் வெட்டி ஒட்டினால் ஏறும், அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள் என்றார். மச்சாள் என் கையைப் பிடித்து நசித்தாள். நான் இரண்டு வருடமாகத் தேடிய சொல்லை அந்த மனிதர் வாயில் பாணோடு சொல்லிவிட்டார்.

அதோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அவர் விடவில்லை. தன் காரில் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் அவருக்கு. பின்பக்கம் கூட்டிப்போய், பெட்ரோல் எங்கே விடுவது, கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றார். மூடியை எங்கும் காணவில்லை. அவர் சிரித்துக்கொண்டு இடதுபக்கத்துச் சிவப்பு லைட்டைப் பிடித்துத் திருகிச் சரித்தார். லைட்டுக்குப் பின்னால் மூடி இருந்தது.

மச்சாள் கைகொட்டிச் சிரித்தாள். "இப்பிடித்தான் மச்சாள்! இப்பிடித்தான் அவர் மண்ணெண்ணெய் விடுறவர்! கலியாணம் முடிஞ்ச கிழமை எனக்கு முன்னால இந்த லைட்டைச் சரிச்சுக் காட்டினவர். நான் கார் உடைஞ்சுபோச்செண்டு கத்தினனான். எவ்வளவு பகிடி பண்ணினவர் தெரியுமே!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதை அந்த மனிதருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஆ, அப்படியென்றால் உங்களுடையதும் ஐம்பத்தாறுதான் என்றார் அவர். ஐம்பத்தைந்து மொடலுக்கு மூடி பக்கவாட்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். லைட்டுக்குள் ஒளித்தது ஐம்பத்தாறில்தான்.

"எங்களுடையது ஐம்பத்தைந்தில் செய்த கார்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இருக்கலாம் என்றார் அவர். அடுத்த வருடத்து மொடலை முந்திய வருடம் இலையுதிர் காலத்திலேயே செய்து இறக்கிவிடுவார்கள், அமெரிக்காவில் அதுதான் வழக்கம் என்றார். எங்கள் தமிழ்க்கடைக்காரர் தீபாவளிச் சாமானோடேயே அடுத்த வருடத்துக் கலண்டரைச் சுருட்டித் தருவதில்லையா, அது மாதிரித்தான். இரண்டு வருடம் படித்தேன். ஒவ்வொரு ஆணியாகப் படித்தேன். ஐம்பத்தைந்தில் செய்த கார் பிறக்கும்போதே ஐம்பத்தாறாக இருக்கலாம் என்பது மட்டும் என் மரமண்டையில் ஏறவில்லை. முதலாளி மாற்றிப் போட்டது உண்மைதான். உடைந்த முகத்துக்குப் பதில் அதே முகத்தைப் போட்டிருக்கிறார். மகன் அப்போது சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? மதகில் மோதுவதற்கு முன்னும் பின்னும் அந்தக் காருக்கு ஒரே முகம். தம்பி அதற்குப் பக்கத்தில், கொண்டுபோக முந்திய ஏதாவதொரு நாளிலேயே நின்று சிரித்திருக்கலாம்.

மச்சாள் இன்னும் அந்த லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பராமரிப்பு இல்லத்தில் ஆங்கிலத்திலேயே சாகிறவர்களோடு இருபத்துநாலு மணித்தியாலமும் கதைக்கிறவளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்த மனிதருக்கு நன்றி சொன்னாள். லைட்டை மூடுங்கோ, தூசி போகும் என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த மனிதர்மேல், கனடாக்காரன்மேல், குரோய்டன்காரிமேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். சும்மா கிடந்தவளுக்கு ஓர் ஆசையைக் காட்டிப் பறித்தாயிற்று.

ரயிலில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். செவன் சிஸ்டர்ஸ் ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், வாற வெள்ளி ஐயரிட்டச் சொல்லுவம்."

"என்னத்தை?"

"மோட்ச அர்ச்சனைக்கு. அவருக்கு."

செத்தவர்களுக்குச் செய்யும் அர்ச்சனை. இத்தனை வருடமும் நான் சொல்லாமல் விழுங்கிய சொல் அது. அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு வேண்டாம் என்று கத்தவேண்டும் போல இருந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை போனோம். அவள் பொட்டு வைத்திருந்தாள், ஆனால் சின்னதாக. ரயிலில் இருந்தே ஐயரிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்துகொண்டிருந்தது. கோயிலில் நல்ல சனம். தட்டை நீட்டினாள். ஐயர் தலை நிமிர்ந்து அவளைக் கண்டார்.

"வாங்கோ அம்மா" என்றார். பெயர் கேட்கவில்லை, நட்சத்திரம் கேட்கவில்லை. எத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு அது பாடம். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பி, விசாக நட்சத்திரம் என்று தொடங்கி, என் தம்பியின் பெயரை உரத்துச் சொல்லி, ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டுப் பூப்போட ஆரம்பித்தார்.

மச்சாள் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அவள் வாயை மூடி இரண்டு கையையும் கூப்பினாள். நானும் கூப்பினேன். மணி அடித்தது. தீபம் வந்தபோது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "வாற மாசம் சொல்லுவம், என்ன?" என்றாள்.

"ஓம். வாற மாசம்" என்றேன்.

அதன் பிறகு எத்தனையோ மாதம் போய்விட்டது. ஐயர் ஒரு முறைகூட எங்களிடம் பெயர் கேட்கவில்லை.